ஹில் ஸ்திரீட் தீயணைப்பு நிலையம்: வண்டியைப் பார்த்த கையோடு கட்டையையும் பாருங்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் வாசலிலேயே பணப்பையைத் திறக்க வேண்டும். ஹில் ஸ்திரீட்டில் இருக்கும் மத்திய தீயணைப்பு நிலையத்தில் அந்த வேலை இல்லை. சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். அதே கட்டடத்தில், தீயணைப்பு, மீட்பு வேலைகளின் வரலாற்றைச் சொல்லும் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடமும் இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையை ஏன் பிடித்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இணையத்தில் இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சிவப்பு வண்டியில் பிள்ளையை உட்கார வைத்து எடுத்த படத்தைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. பள்ளம் தோண்டும் இடத்தில் நின்றுகொண்டு 'ஹெல்மெட் எங்கே, ஏணி எங்கே, ஓரத்தில் மண்ணைக் குவிக்காதே' என்று கத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அதனால் தீயை அணைப்பதைவிட, இடிந்த இடத்திலிருந்து ஆளை எடுப்பதைப் பார்க்கத்தான் போனேன். கூட என் மகன், இரண்டாம் வகுப்பு. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் கிளம்பிவிட்டார். மணப்பாறை பக்கம் முப்பது வருஷம் கிணறு வெட்டும் குத்தகை எடுத்தவர். மண்ணைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது.

முதலில் கட்டடம். 1908-ல் கட்டி முடித்தது. இன்றும் வேலை செய்யும் நிலையங்களில் இந்நாட்டிலேயே பழையது. 1998-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்ட மாதிரி இருக்கும். "என்ன மாப்ள, கோயில் மதிலுக்குக் காவி அடிச்ச மாதிரி அடிச்சிருக்கான்" என்றார் மாமா. பெயின்ட் இல்லை, சிவப்பு செங்கல்லே அப்படி விட்டது என்று சொன்னதும் போய்த் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நடுவில் சுமார் நூறடி உயரக் கோபுரம். வானளாவிய கட்டடங்கள் வருமுன் அதன் மேல் ஆள் நின்று ஊரில் எங்கே புகை தெரிகிறது என்று பார்ப்பார்களாம். நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தவும் கோபுரம் பயன்பட்டது. இப்போது அங்கிருந்து பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் சன்னல்தான் தெரியும்.

வரலாற்றுப் பகுதியில் நம்மவர்களுக்கு ஒரு செய்தி உண்டு, பலருக்குத் தெரியாது. முறையான தீயணைப்புப் படை இங்கே 1888-ல்தான் வந்தது. அதற்கு முன் தீப்பிடித்தால் ஓடியவர்கள் போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், கப்பல் மாலுமிகள், அப்புறம் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் சுமார் ஐம்பது ஆண்டுகள், சென்னை மாகாணம், வங்காளம், பம்பாய் என்று பல இடங்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சாலை போட வைத்தார்கள், கால்வாய் வெட்ட வைத்தார்கள். இங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கட்டியதுதான். தீ வந்தால் வாளியோடு அவர்களைத்தான் அனுப்பினார்கள். அதற்கப்புறம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேப்டன் மான்டேகு பெட் என்ற ஆங்கிலேயர் வந்து படையைத் தொழில்முறைக்குக் கொண்டுவந்தார். குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. பழைய இயந்திரங்களைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். நீராவி இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் மகன் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை: "தீயை அணைக்குற வண்டிக்கு உள்ளேயே தீ மூட்டணுமா?"

1961 மே 25-ல் நடந்த புக்கிட் ஹோ சுவீ தீ, இந்த நாட்டின் வீட்டு வரலாற்றையே திருப்பிப் போட்டது. அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகள் ஒன்று பற்றி ஒன்றாக எரிந்து, ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்குக் கூடத்தில் கூட்டம் நிற்கிறது, நியாயம்தான். நான் வேகமாகக் கடந்து போனேன். நான் தேடிப் போனது 1986.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாமான் வாங்குகிற எல்லாருக்கும் சிராங்கூன் சாலை தெரியும். வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டிப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், ஓவன் ரோடு முனையில் லியன் யாக் கட்டடம் என்று ஆறு மாடி ஒன்று நின்றது. கீழே வங்கி, அதற்கு மேல் இரவு விடுதி, அதற்கு மேல் ஹோட்டல் நியூ வோர்ல்ட். 1986 மார்ச் 15, சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குச் சற்று முன் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் எரிவாயு வெடிப்பு என்றுதான் பேசிக்கொண்டார்கள். விசாரணையில் தெரிந்தது வேறு: கட்டடத்தின் வடிவமைப்புக் கணக்கில், உள்ளே வரும் ஆட்களும் சாமான்களும் எவ்வளவு கனம் என்று போட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. பதினைந்து வருஷம் அது தன் பாரத்தையே தாங்க மாட்டாமல் நின்றிருக்கிறது. அதன் மேல் குளிர்சாதன இயந்திரங்கள், வங்கியின் இரும்புப் பெட்டக அறை, வெளிச்சுவர் ஓடுகள் என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். எங்கள் பாதுகாப்பு வகுப்பில் இதைப் பாடமாகவே சொல்வார்கள்.

33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். அந்தப் பதினேழு எப்படி வந்தது என்பதுதான் விஷயம். மண்ணள்ளும் பெரிய இயந்திரங்களை மேலே ஏற்றினால் அதிர்வில் உள்ளே இருக்கும் இடைவெளி மூடிக்கொள்ளும். அப்போது எம்ஆர்டி ரயிலுக்கான சுரங்கப்பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்த அயர்லாந்து, பிரிட்டன், ஜப்பான் நாட்டு சுரங்கக்காரர்கள் வந்து, இடிபாட்டுக்குக் கீழே சிறு குகைகள் குடைந்து ஊர்ந்து போய் ஆட்களை எடுக்க உதவினார்கள். அவ்வப்போது எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, ஒலி கேட்கும் கருவியை வைத்துக் காது கொடுத்திருக்கிறார்கள். சாலையில் கூடிய கூட்டமும் மூச்சுக் காட்டாமல் நிற்குமாம்.

இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1983 ஜனவரியில், எண்ணெய் துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பியில் மாட்டி இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். தொங்கிய பெட்டிகளில் சிக்கிய 13 பேரை ஆகாயப்படை ஹெலிகாப்டர் வைத்து எடுத்தது. இரண்டு விபத்திலும் வெளியாள் உதவிதான் கை கொடுத்தது. சொந்தமாக ஒரு சிறப்பு அணி வேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கும். 1989-ல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாயின. 1990-ல் டார்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேரிடர் மீட்பு அணி உருவானது. உயரத்தில் தொங்குகிறவர், பள்ளத்தில் புதைந்தவர், இடிபாட்டில் சிக்கியவர், தண்ணீருக்கடியில் போனவர் என்று சாதாரண நிலையத்தின் கையை மீறுவதெல்லாம் இவர்கள் தலையில் விழும். அதே ஆண்டு ஜூலையில் பிலிப்பீன்ஸின் பாகியோ நிலநடுக்கத்துக்கு ஓர் அணி போனது. அப்புறம் 1999 தைவான், 2011 கிறைஸ்ட்சர்ச், 2015 நேப்பாளம், 2023 துருக்கி. 2008-ல் ஐ.நா. சார்ந்த மதிப்பீட்டில் கனரக மீட்பு அணி என்ற தகுதியையும் வாங்கிவிட்டார்கள்.

2025 மார்ச்சில் மியன்மார் நிலநடுக்கத்துக்குப் போனபோது கரப்பான்களைக் கொண்டுபோனார்கள். விளையாட்டு இல்லை. மடகாஸ்கர் இனத்துப் பெரிய கரப்பான், முதுகில் சின்ன கேமராவும் உணர்கருவியும் கட்டி, மின் தூண்டலால் திசை திருப்பி இடுக்குக்குள் விடுவது. பத்தை எடுத்துப் போனார்கள். இதை மாமாவிடம் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஊருக்குப் போய் இதச் சொன்னா என்னை எங்க கொண்டுபோய் விடுவாங்கன்னு தெரியுமா மாப்ள?"

சரி, சாமான்களுக்கு வருவோம். நிலையத்து முற்றத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாரும் ரெட் ரைனோ பக்கம் ஓடினார்கள். 2000-ல் வந்த சின்ன தீயணைப்பு வண்டி அது. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்தம், குறுகிய சந்து எல்லாவற்றிலும் நுழையும். நல்ல வண்டி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் விரித்து வைத்திருந்த மீட்புச் சாமான்களிடம் நாங்கள் மூவர்தான் நின்றோம். விளக்கம் சொன்ன பையன் கட்டாய தேசிய சேவையில் இருப்பவன், நம்ம பிள்ளை. மாமாவைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டான். "தொட்டுப் பாருங்க அங்கிள், பரவாயில்ல."

அந்த மேசையில் எனக்குப் பிடித்தது தூக்கும் பை. ரப்பர் பாய் மாதிரி தட்டையாக இருக்கும், தடிமன் ஓர் அங்குலம். விரல் நுழைகிற சந்து கிடைத்தால் போதும், உள்ளே தள்ளிக் காற்றடைக்கலாம். "காத்தடிச்ச பை கான்கிரீட்டத் தூக்குமா?" என்று மாமா நம்பவில்லை. கணக்குப் போட்டுக் காட்டினேன். 30-க்கு 30 சென்டிமீட்டர் பை என்றால் 900 சதுர சென்டிமீட்டர். காற்றழுத்தம் 8 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 8 கிலோ. பெருக்கினால் 7,200 கிலோ. ஏழு டன். ஆனால் இது பை தட்டையாக இருக்கும்போது. ஊத ஊதத் தலையணை மாதிரி உருண்டு, பாரத்தைத் தொடும் பரப்பு குறைந்துகொண்டே வரும். தூக்கும் சக்தியும் குறையும். இதை அந்தப் பையன் நான் கேட்காமலே சொன்னான். பயிற்சி சரியாகத்தான் நடக்கிறது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நசுங்கிய காரைப் பிளக்கும் விரிப்பான், வெட்டும் கத்திரி இரண்டும் ஹைட்ராலிக். ஏறக்குறைய 700 பார் அழுத்தத்தில் எண்ணெய் ஓடுகிறது. கையில் வாங்கிப் பார்த்தேன், இடுப்பு பேசியது. மூச்சுக் கருவியின் சிலிண்டர் 6.8 லிட்டர்தான், 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் இரண்டாயிரம் லிட்டர் காற்று உள்ளே போகும். காகிதத்தில் ஐம்பது நிமிடம் என்று வரும். ஏணி ஏறி, பாரம் சுமந்து, பயமும் சேர்ந்தால் அரை மணிகூடத் தாங்காது. தீரும் நேரத்தில் தானே விசிலடிக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஓரமாக, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல், கொஞ்சம் மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. செவ்வகத் துண்டுகளும் ஆப்புகளும். மாமா நேராகப் போய் அதில் ஒன்றை எடுத்தார். "இதான் மாப்ள சாமான்" என்றார். அந்தப் பையன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை வை, அப்புறம் அடுத்த அங்குலம். பையோ ஜாக்கியோ தூக்குவதற்குத்தான்; பாரம் நிற்பது கட்டை மேல். எங்கள் தளத்தில் கிரேன் போடும்போதும் இதையேதான் சொல்வோம், யாரும் கேட்க மாட்டார்கள். உறைக்கிணறு இறக்கும்போது பக்க மண் சரியாமல் முட்டுக் கொடுத்தே காலம் தள்ளியவர் மாமா. அதற்கப்புறம் இருவரும் கால் மணி நேரம் மண்ணைப் பற்றிப் பேசினார்கள், நான் மொழிபெயர்ப்புக்குக்கூடத் தேவைப்படவில்லை. மார்பளவு புதைந்தவனைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும் என்றான் பையன். மாமா 2019 அக்டோபரைச் சொன்னார். அவர் ஊர்ப்பக்கம், நடுக்காட்டுப்பட்டியில், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை. பக்கத்தில் இன்னொரு குழி போட இயந்திரம் வந்தும் பாறை விடவில்லை; நான்கு நாள் கழித்து உடலைத்தான் எடுத்தார்கள். "அந்தப் பாறை எனக்குத் தெரியும் தம்பி. அது கெஞ்சினாலும் விடாது" என்றார்.

இடிபாட்டில் வேலை செய்யும் அணிகளுக்கு உலகம் முழுக்க ஒரே விசில் மொழி. மூன்று குறுகிய ஒலி என்றால் எல்லாரும் வெளியே. ஒரு நீண்ட ஒலி என்றால் வேலையை நிறுத்து, சத்தம் போடாதே. நீளமாக ஒன்றும் குறுகலாக ஒன்றும் வந்தால் திரும்ப ஆரம்பி. மகன் இதை அங்கேயே மனப்பாடம் செய்துகொண்டான். வீட்டில் இப்போது நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரு நீண்ட விசில் வருகிறது.

பிடித்துவைத்த அரைக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம் போதாது, அதிலும் பாதி வண்டியில் ஏறும் வரிசையில் போய்விடும். இன்னொன்று என் தொழில் ஆசை. 2004 ஏப்ரல் 20-ல் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்தது. வட்டப்பாதை எம்ஆர்டி ரயில் தடத்துக்காகத் தோண்டிய சுமார் முப்பது மீட்டர்ப் பள்ளத்தில், பக்கச் சுவரைத் தாங்கிய எஃகு முட்டுகளின் இணைப்பு தோற்று, நான்கு பேர் இறந்தார்கள். ஒருவர் உடல் கிடைக்கவே இல்லை; மேலும் சரியும் அபாயம் இருந்ததால் மீட்பாளர்களையே வெளியே வரச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆளைத் தேடுவதை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பது, மீட்பு வேலையிலேயே கொடுமையான பகுதி. இதைப் பற்றி அந்த முற்றத்தில் எனக்குப் பத்து நிமிடம் யாராவது சொல்லியிருந்தால் ஐந்துக்கு ஐந்தே கொடுத்திருப்பேன். பிள்ளைகள் கூடும் இடத்தில் அதை எப்படிச் சொல்வது என்றால், எனக்கும் வழி தெரியவில்லை.

தங்கும் விடுதியில் இருக்கும் நம் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலை உங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம், தெரியும். கிடைத்தால் தேக்காவுக்குப் போகும் முன் இங்கே ஒரு நடை வாருங்கள். 2025 ஜூலையில் தஞ்சோங் காத்தோங் சாலையில் பள்ளம் விழுந்து கார் உள்ளே போனபோது, பக்கத்துத் தளத்தில் வேலை செய்த நம்மவர்கள்தான் கயிற்றை எறிந்து அந்தப் பெண்ணை மேலே இழுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ரிவர் வேலி சாலைக் கடைவீட்டில் தீப்பிடித்தபோது, சாரத்தையும் ஏணியையும் கொண்டுபோய் வைத்துப் பிள்ளைகளை இறக்கியதும் வெளிநாட்டு ஊழியர்கள்தான். படை வந்து சேரும் முன் அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்கிறவன் கையில்தான் இருக்கின்றன. கயிற்றை எறியலாம், குழிக்குள் குதிக்கக் கூடாது என்பதை அந்த முற்றத்தில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான். தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் அழைக்க வேண்டிய 995 என்ற எண் எல்லாருக்கும் தெரியும். எந்த நுழைவாயில், எத்தனையாவது மாடி, ஆள் எங்கே சிக்கியிருக்கிறார் என்று சொல்லத் தெரியாமல் திணறுகிறவர்களைத்தான் நான் தளத்தில் பார்க்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடக்கலாம், பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். ஒன்பதுக்கு முன்பே போய் நில்லுங்கள். முதலில் முற்றம், பதினோரு மணிக்குமேல் கூடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் அவசரமில்லாமல் முடியும். கூடத்தின் நேரம் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் வண்டி கிளம்பிப் போய்விடும், பிள்ளை ஏறியிருந்தால் இறக்கிவிடுவார்கள். அதற்காக யாரிடமும் கோபப்படாதீர்கள். பெரியவர்களைக் கூட்டிப் போனால் ஒரு தண்ணீர் பாட்டில், உட்கார ஓர் இடம் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை வேறு நிலையத்துக்குப் போகலாமா, அங்கே என்ன கட்டை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.